ஒன்றுபட்ட நாட்டுக்கு எத்தனை வீரர்?

ஒரு பெரிய வீடு பாகப்பிரிவினையால் இரண்டாகி, முற்றத்தின் நடுவே சுவர் ஒன்று எழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இருபுறத்தாருக்கும் ஒருவர் மீது ஒருவர்க்கு நம்பிக்கையில்லை. ஆகவே இப்புறத்தார் மூன்று காவலாளிகளை அமர்த்துகின்றனர். அப்புறத்தார் இருவரை அமர்த்துகின்றனர். நாற்பது ஆண்டுகள் சென்றபின் மனம் மாறிச் சுவர் இடிக்கப்படுகிறது. ஐந்து காவலாளிகளும் ஒரே முற்றத்தில் வந்து நிற்கின்றனர். இனி இவ்வீட்டுக்கு எத்தனை காவலாளிகள் வேண்டும்? ஐவரும் வேண்டும் என்பது அறிவாகாது. அவர்களுள் பெரும்பாலோர் ஒருவரிடமிருந்து ஒருவரைக் காப்பதற்கே அமர்த்தப்பட்டவர்கள். ஒருவருமே வேண்டாம் என்பதும் பொருந்தாது. தெருவில் திருடர் பயம் தீர்ந்துவிடவில்லை. அண்டை வீட்டாரோ, "இத்தனை பேர் தடியுடன் நின்றால் எங்களுக்கு உறக்கம் ஏது?" என்று கேட்கின்றனர். வேலை இழக்கப்போகும் காவலாளியோ, "இத்தனை நாள் வெயிலிலும் மழையிலும் நின்ற எனக்கு என்ன வழி?" என்று கேட்கிறான்.

பிரிந்த நாடுகள் மீண்டும் ஒன்றுபடும்போது எழும் கேள்வி ஏறக்குறைய இதுவே. கொடி எது, தலைநகர் எது, நாணயம் எது என்னும் கேள்விகளைப் பற்றி மக்கள் ஆர்வத்தோடு பேசுவர். படையின் அளவு பற்றிய கேள்வி அவ்வளவு ஆரவாரமின்றி, மூடிய அறைகளில் தீர்மானிக்கப்படுகிறது. ஆயினும் அதைத் தவறாகக் கணித்த நாடு பெற்ற ஒற்றுமையையே இழக்க நேரிடும் என்பதற்குச் சான்று உண்டு. ஒரே ஆண்டில், அதாவது 1990இல், ஒன்றுபட்ட இரண்டு நாடுகளை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். ஒன்று ஜெர்மனி; மற்றொன்று ஏமன்.

முதலில் ஜெர்மனியை நோக்குவோம். இரண்டாம் உலக மகாயுத்தத்தில் தோல்வியுற்ற அந்நாடு 1949இல் இரு அரசாங்கங்களாகப் பிரிந்தது. மேற்கு ஜெர்மனி 1955இல் வட அட்லாண்டிக் உடன்படிக்கை நாடுகளோடு, அதாவது நேட்டோவோடு, சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 12ஆம் தேதியன்று அதன் புதிய படையின் முதல் வீரர்கள் 101 பேர் நியமனம் பெற்றனர். "புண்டெஸ்வேர்" என்பது அப்படையின் பெயர். கிழக்கு ஜெர்மனி 1956 மார்ச்சு முதல் தேதியன்று தன் "தேசிய மக்கள் சேனை"யை நிறுவியது. மேற்கில் கட்டாய ராணுவ சேவை 1956இலேயே சட்டமாயிற்று. கிழக்கில் அது 1962 வரை தாமதித்தது. பெர்லின் நகரில் சுவர் எழுந்தது 1961 ஆகஸ்டில். சுவர் எழுமுன் கட்டாய சேவையை விதித்திருந்தால் இளைஞர் பலர் எளிதில் மேற்கே போயிருப்பர் என்பது வெளிப்படை.

இவ்விரு படைகளும் எவ்வளவு பெரியவை? 1980களில் மேற்கு ஜெர்மானியப் படையில் ஏறக்குறைய 4,95,000 பேர் இருந்தனர். கிழக்கில் சுமார் 1,70,000 பேர். மேற்கின் ஜனத்தொகை 6 கோடிக்குச் சற்று மேல். கிழக்கின் ஜனத்தொகை சுமார் 1 கோடியே 65 லட்சம். அதாவது மேற்கே ஆயிரம் பேருக்கு எட்டுப் பேரும், கிழக்கே ஆயிரம் பேருக்குப் பத்துப் பேரும் படையில் இருந்தனர். இதற்கு மேல் அந்நியத் துருப்புகள் வேறு. கிழக்கே ஸோவியத் வீரர் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர். மேற்கே அமெரிக்கர் ஏறக்குறைய 2½ லட்சம், அவர்களுடன் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும். நம் ராஜஸ்தான் மாநிலத்தைவிடச் சற்றே பெரிய ஒரு நிலப்பரப்பில் இத்தனை பேரும் ஆயுதம் தாங்கி எதிரெதிரே நின்றனர். நடுவே ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் நீளமான எல்லைக்கோடு ஓடியது.

1989 நவம்பர் 9ஆம் தேதி இரவு பெர்லின் சுவர் திறந்தது. அடுத்த பதினோரு மாதங்களுக்குள் இரு நாடுகளும் ஒன்றாயின. இவ்விடைக்காலத்தில்தான் எண்ணிக்கை பற்றிய பேரம் நிகழ்ந்தது.

ஒரு படையின் அளவைக் கணிக்க வழி யாது? நாம் பார்த்த அளவில் நான்கு அளவுகோல்கள் உண்டு. முதலாவது, எதிரி யார், அவன் பலம் என்ன, காக்க வேண்டிய எல்லை எவ்வளவு என்பது. இரண்டாவது, படையில் சேரத்தக்க வயதுடைய இளைஞர் எத்தனை பேர் என்பது. மூன்றாவது, கருவூலம் எவ்வளவு தாங்கும் என்பது. நான்காவது, அண்டை நாட்டாரின் அச்சம். முதல் மூன்றும் போர்த்துறையினரும் நிதித்துறையினரும் கணக்கிடக்கூடியவை. நான்காவதற்குக் கணிதம் இல்லை. அதற்குச் சரித்திரம்தான் உண்டு.

முதல் அளவுகோலின்படி பார்த்தால் 1990இல் ஜெர்மனியின் நிலை விந்தையானது. மேற்கு ஜெர்மானியப் படை முக்கியமாக எந்த எல்லையைக் காப்பதற்கென அமைக்கப்பட்டதோ அவ்வெல்லை மறைந்துவிட்டது. எந்தக் கிழக்கு ஜெர்மானியப் படையை எதிர்க்கத் திட்டமிட்டதோ அப்படை அதனிடமே வந்து சேரவிருந்தது. இரண்டாம் அளவுகோலும் குறைப்பதையே வற்புறுத்தியது. 1960களின் பிற்பகுதியிலிருந்து மேற்கு ஜெர்மனியில் பிறப்பு விகிதம் வேகமாகச் சரிந்தமையால், ஒன்றுபடும் பேச்சு எழுவதற்கு முன்பே, ஐந்து லட்சம் பேர் கொண்ட படைக்கு இளைஞரை எங்கே தேடுவது என்னும் கவலை இருந்துவந்தது. மூன்றாம் அளவுகோலைச் சொல்ல வேண்டுவதில்லை. கிழக்கின் ஆலைகளையும் சாலைகளையும் சீர்செய்யும் செலவு மலைபோல் எதிரே நின்றது.

நான்காவது அளவுகோலான அச்சத்துக்கு வருவோம். எட்டுக் கோடி ஜெர்மானியர் நடு ஐரோப்பாவில் ஒரே அரசாங்கத்தின்கீழ் மீண்டும் திரள்வது போலந்துக்கும் பிரான்ஸுக்கும் ரஷ்யாவுக்கும் எளிதில் மறக்கக்கூடிய நினைவுகளைத் தரவில்லை. அதே சமயத்தில் மற்றொரு நினைவும் இருந்தது. முதல் மகாயுத்தத்தின் முடிவில், 1919இல், வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் மூலம் வெற்றி பெற்ற நாடுகள் ஜெர்மனியின் தரைப்படையை ஒரு லட்சம் பேருக்கு மிகாமல் கட்டுப்படுத்தின. கடற்படைக்கு 15,000 பேர். வீரர் 12 ஆண்டுகள், அதிகாரிகள் 25 ஆண்டுகள் சேவை செய்ய வேண்டும் என்றும் விதித்தன. பயிற்சி பெற்றோர் தொகை பெருகலாகாது என்பது கருத்து. நடந்தது வேறு. ஒரு லட்சம் பேரையும் தேர்ந்தெடுத்த தலைவர்களாகவே ஜெர்மானியர் பயிற்றினர். பிற்காலத்தில் படையைப் பன்மடங்கு பெருக்கியபோது அவர்களே அதன் எலும்புக்கூடாயினர். அதைவிடக் கொடியது, "எங்களுக்கு மட்டும் இந்த விலங்கா?" என்னும் மனப்புண். அப்புண்ணைக் கீறிக் கீறித்தான் ஹிட்லர் வளர்ந்தான். ஆகவே 1990இல் பேச்சு நடத்தியோர் இரண்டு படுகுழிகளுக்கு நடுவே நடக்க வேண்டியிருந்தது. கட்டுப்பாடு இல்லையேல் அண்டை நாடுகள் அஞ்சும். வெளியார் விதித்த கட்டுப்பாடாயின் ஜெர்மானியர் புண்படுவர்.

பேச்சில் பங்குகொண்டோர் அறுவர். இரு ஜெர்மனிகளும் உள்நாட்டுத் தரப்பினர். அமெரிக்கா, ஸோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நால்வர் வெளித் தரப்பினர். "இரண்டும் நான்கும்" என்றே இப்பேச்சு பெயர் பெற்றது. ஜூன் மாதம் பெர்லினில் கூடியபோது ஸோவியத் அந்நிய விவகார மந்திரி ஷெவர்ட்நாட்ஸே ஒன்றுபட்ட ஜெர்மனிக்கு 2 லட்சம் முதல் 2½ லட்சம் வீரர் போதும் என்னும் யோசனையை முன்வைத்தார். மேற்கு ஜெர்மானிய மந்திரிகளிடையே ஒருமித்த கருத்தில்லை. பாதுகாப்புத் துறையினர் 4 லட்சத்துக்குக் குறையலாகாது என்றனர். அந்நிய விவகார மந்திரி கென்ஷர் 3½ லட்சம் என்றார். சான்ஸலர் ஹெல்முட் கோல் 1990 ஜூலை மத்தியில் மாஸ்கோவுக்கும், பின்னர் காக்கஸஸ் மலைப்பகுதிக்கும் சென்று கோர்பசேவைச் சந்தித்தார். அங்கு முடிவான எண் 3,70,000. அதில் தரைப்படையும் விமானப்படையும் சேர்ந்து 3,45,000க்கு மிகலாகாது.

இந்த எண்ணை எந்தக் கணித சூத்திரமும் ஈன்றெடுக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். நான்குக்கும் மூன்றரைக்கும் நடுவே, இருதரப்பு மந்திரிகளும் முகம் சுளிக்காமல் ஏற்கத்தக்க இடம் அது. ஆனால் அது வெறும் பேரமும் அன்று. இரு படைகளும் முன்பிருந்த அளவைக் கூட்டினால் ஏறக்குறைய 6,65,000. அதில் பாதியைவிடச் சற்று அதிகமே 3,70,000. ஜனத்தொகையோடு ஒப்பிட்டால் ஆயிரம் பேருக்கு ஐந்து பேருக்கும் குறைவு. மேற்கு ஜெர்மனி மட்டும் முன்னர் வைத்திருந்ததைவிட ஒன்றுபட்ட ஜெர்மனி சிறிய படை வைத்திருக்கும் என்பதை எந்தப் போலந்துக் குடியானவனும் விளங்கிக்கொள்ள முடியும். அச்சத்தைத் தணிக்கும் எண் அத்தகையதாகவே இருத்தல் வேண்டும். பட்டியல்களைக் கொண்டு நிபுணர் மெய்ப்பிக்க வேண்டிய எண் பாமரரின் அச்சத்தைப் போக்காது.

வெர்சேல்ஸின் தவறு மீண்டும் நேராதிருக்க ஓர் உபாயம் செய்தனர். இவ்வரம்பை ஜெர்மனி மீது யாரும் விதிக்கவில்லை. ஐரோப்பிய நாடுகள் யாவும் தத்தம் படைகளைக் குறைப்பது பற்றி வியன்னா நகரில் பேசிக்கொண்டிருந்தன. அந்தச் சபையில் 1990 ஆகஸ்டு 30ஆம் தேதியன்று கென்ஷர் எழுந்து, ஒன்றுபட்ட ஜெர்மனி மூன்று முதல் நான்கு ஆண்டுகளுக்குள் தன் படையை 3,70,000க்குக் குறைத்துக்கொள்ளும் என்று தானாகவே அறிவித்தார். கிழக்கு ஜெர்மனியும் அதற்கு இசைந்தது. செப்டம்பர் 12ஆம் தேதி மாஸ்கோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் மூன்றாம் ஷரத்து அவ்வறிவிப்பை எடுத்து எழுதி, மற்ற நான்கு அரசாங்கங்களும் அதனைக் கவனத்தில் கொண்டன என்று மட்டும் கூறுகிறது. மற்ற நாடுகளும் தம் பங்குக்குக் குறைத்துக்கொள்ளும் என்னும் எதிர்பார்ப்பும் அதில் இடம்பெற்றது. அணு ஆயுதங்களையும், ரசாயன ஆயுதங்களையும், நோய்க்கிருமி ஆயுதங்களையும் ஜெர்மனி துறப்பதும் அதே ஷரத்தில் உறுதி செய்யப்பட்டது. விதித்தது என்பதற்கும் விரும்பி அறிவித்தது என்பதற்கும் உள்ள வேற்றுமை சிறிதாகத் தோன்றலாம். வரலாற்றில் ஒரு தலைமுறையின் மனப்பான்மை அவ்வேற்றுமையில் அடங்கியிருந்தது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போருக்கு இவ்வுடன்படிக்கையில் ஒரு சுவை உண்டு. அதன் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்ய வாசகங்கள் நான்கும் சமமான அதிகாரமுள்ளவை. நான்கு மொழிகளில் ஒரு சொல்லின் நிழல் சற்று இங்கும் அங்கும் சாயலாம், எண் சாயாது. ஆகவேதான் நம்பிக்கை குறைந்த இடத்தில் ராஜதந்திரிகள் எண்ணை நாடுகின்றனர் போலும்.

எண் முடிவாயிற்று. இனி அவ்வெண்ணுக்குள் இடம் பெறாதவர்களின் கதை. கிழக்கு ஜெர்மனியில் 1990 மார்ச்சில் நடந்த சுதந்திரமான தேர்தலுக்குப் பின் படைத்துறை மந்திரியானவர் ரைனர் எப்பெல்மன் என்னும் பாதிரியார். இளமையில் கட்டாய சேவையின்போது படைப் பிரமாணம் எடுக்க மறுத்துச் சிறை சென்றவர் அவர். தம் இலாகாவின் பெயரிலேயே ஆயுதக் குறைப்பு என்பதையும் சேர்த்துக்கொண்டார். இரு நாடுகளும் ஒன்றான பின்னும் சில காலம் கிழக்கே தனிப்படை ஒன்று நிலவக்கூடும் என்று அவர் நம்பினார். படையினருக்கும் அந்த நம்பிக்கையை ஊட்டினார். ஜூலை மாத உடன்பாட்டினால் அந்நம்பிக்கை தகர்ந்தது. ஒரு நாட்டுக்கு ஒரே படை என்பது முடிவாயிற்று. செப்டம்பர் 24ஆம் தேதியன்று கிழக்கு ஜெர்மனி வார்ஸா உடன்படிக்கையிலிருந்து விலகியது. அக்டோபர் 3ஆம் தேதி நள்ளிரவில் தேசிய மக்கள் சேனை மறைந்தது.

அதற்குள் சேனை தானாகவே கரைந்து போயிருந்தது. ஒன்றுபட்ட நாளில் மேற்குப் படையின் பொறுப்புக்கு வந்தவர் ஏறக்குறைய 90,000 பேர். சேனாதிபதிகளும் கடற்படைத் தளபதிகளும் முன்பே விலக்கப்பட்டனர். கிழக்குப் பகுதிக்கெனத் தனித் தலைமையகம் ஒன்று பெர்லினுக்கு அருகிலுள்ள ஷ்ட்ரௌஸ்பெர்கில் நிறுவப்பட்டு, லெப்டினன்ட் ஜெனரல் யோர்க் ஷோன்பொம் அதன் தலைவரானார். நேற்றுவரை எதிரியாகக் கருதியவரிடம் இன்று காலை உத்தரவு பெற வேண்டும். நேற்றுவரை எதிரியாகக் கருதியவரை இன்று காலை பெயர் சொல்லி அழைத்து வேலை வாங்க வேண்டும். இரண்டும் எளிதல்ல. விரும்பிய அதிகாரிகள் இரண்டு ஆண்டுகளுக்குத் தற்காலிகமாக அமர்த்தப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர். இறுதியில் நிலையான இடம் பெற்றவர் சுமார் 11,000 பேரே.

ஆயுதங்களின் கணக்கு வேறு. 2,300க்கு மேற்பட்ட டாங்கிகளும், ஏறக்குறைய 3 லட்சம் டன் வெடிமருந்தும், லட்சக்கணக்கான துப்பாக்கிகளும் கைக்கு வந்தன. அவற்றைக் காக்கவே ஆட்கள் வேண்டியிருந்தனர். அழிக்கவோ ஆண்டுகள் பிடித்தன. பழைய காவலாளிகள் பலரை உடனே அனுப்பிவிட முடியாமற்போனதற்கு அவர்கள் காத்துவந்த பண்டங்களும் ஒரு காரணம். வாங்கி வைத்துக்கொண்டவை மிகச் சிலவே. மிக்-29 ரக விமானங்கள் 24 அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அவற்றுள் பெரும்பாலானவையும் பின்னர் போலந்து நாட்டுக்குப் பெயரளவிலான விலைக்குக் கொடுக்கப்பட்டன.

வெளியேற்றப்பட்டவர்க்கு உபகாரச் சம்பளமும் புதுத்தொழில் பயிற்சியும் ஓரளவு கிடைத்தன. ஆனால் ஒரு காயம் நெடுநாள் ஆறவில்லை. தேசிய மக்கள் சேனையில் ஒருவர் செய்த சேவை, "அந்நியப் படைகளில் ஆற்றிய சேவை" என்றே அரசாங்கக் குறிப்புகளில் 2005 வரை எழுதப்பட்டுவந்தது. ஒரே மொழி பேசும், ஒரே கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒரு குடிமகனின் இளமைக்காலம் முழுவதையும் "அந்நியம்" என்னும் ஒரு சொல் தள்ளிவைத்தது. அச்சேனை ஒரு கட்சி ஆட்சியின் கருவியாக இருந்தது என்பதையும், அதன் பதவியாளரில் பலர் அக்கட்சியின் உறுப்பினர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் பதினெட்டு வயதில் கட்டாயத்தின்பேரில் சீருடை அணிந்த தச்சன் மகனுக்கும் அச்சொல்தான் வழங்கிற்று. செலவில்லாமல் செய்திருக்கக்கூடிய ஒரு நன்மையைச் செய்யாது விட்டனர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் நம் நாட்டின் அனுபவம் நினைவுக்கு வருகிறது. 1947இல் நம் படை பிரிந்தது. அதையடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான சமஸ்தானங்கள் ஒன்றுசேர்ந்தன. பல சமஸ்தானங்களுக்குச் சொந்தப் பட்டாளங்கள் இருந்தன. சில கலைக்கப்பட்டன, தகுதியானவை இந்திய ராணுவத்தில் சேர்க்கப்பட்டன. பிக்கானீர் சமஸ்தானத்தின் புகழ்பெற்ற ஒட்டகப் படையான கங்கா ரிஸாலா கிரெனடியர்ஸ் ரெஜிமெண்டின் 13ஆம் பட்டாளத்தில் கலந்தது. திருவிதாங்கூரின் நாயர் பட்டாளம் 1954இல் மதராஸ் ரெஜிமெண்டின் 9ஆம் பட்டாளமாயிற்று. அதன் பழைய வரலாற்றை அப்பட்டாளம் இன்றும் தன் வரலாறாகவே போற்றுகிறது. இருவகைச் சேர்க்கையும் ஒன்றல்ல. இங்கே இரு கொள்கைகளின் பகை இல்லை; எண்ணிக்கையும் சிறிது. ஆயினும் ஆளைச் சேர்ப்பதோடு அவன் பெயரையும் சேர்த்துக்கொண்டால் சேர்க்கை விரைவில் பழகிவிடும் என்பது ஜெய்ப்பூரிலும் பிக்கானீரிலும் வாழும் நம்மவர் கண்ணால் காணக்கூடியது.

ஜெர்மனியில் இன்னொரு படையும் வீடு திரும்ப வேண்டியிருந்தது. ஸோவியத் துருப்புகள் 1994 முடிவதற்குள் வெளியேற வேண்டும் என்பது உடன்படிக்கை. அவ்வீரர்களுக்குச் சொந்த ஊரில் வீடில்லை. இதனை ஜெர்மானியர் உணர்ந்து, ஒதுக்கிய 1,200 கோடி மார்க்கில் 780 கோடி மார்க்கை அவ்வீரர்களின் குடும்பங்களுக்கு வீடு கட்டவே கொடுத்தனர். இடையில் ஸோவியத் யூனியனே மறைந்தும் வெளியேற்றம் நிற்கவில்லை. 1994 ஆகஸ்டு 31ஆம் தேதி பெர்லினில் கடைசி அணிவகுப்பு நடந்தது. போகிறவனுக்குக் கூரை உண்டென்றால் அவன் அமைதியாகப் போவான் என்னும் எளிய உண்மையை இச்செலவு மெய்ப்பித்தது.

இனி ஏமனைப் பார்ப்போம். அரேபியாவின் தென்கோடியிலுள்ள வட ஏமனும் தென் ஏமனும் 1990 மே 22ஆம் தேதி ஒன்றாயின. வடக்கின் தலைவர் ஸாலே ஜனாதிபதி. தெற்கின் தலைவர் அல்-பீத் உப ஜனாதிபதி. மந்திரி பதவிகளைப் பங்கிட்டனர், பாராளுமன்றத்தைச் சேர்த்தனர். படைகளை மட்டும் சேர்க்கவில்லை. நம்பிக்கைக்கு அடையாளமாக வடக்கின் சில படைப்பிரிவுகளைத் தெற்கிலும், தெற்கின் சில படைப்பிரிவுகளை வடக்கிலும் நிறுத்திவைத்தனர். ஆனால் ஒவ்வொரு பிரிவும் தன் பழைய தலைவரின் சொல்லையே கேட்டது. எத்தனை வீரர் வேண்டும் என்று உட்கார்ந்து கணக்கிட எவருக்கும் துணிவில்லை. கணக்கிட்டால் யாரை அனுப்புவது என்னும் கேள்வி எழும். நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1994 ஏப்ரல் இறுதியில் ஸனா நகருக்கு வடக்கே அம்ரான் என்னும் இடத்தில், அருகருகே தங்கியிருந்த வடக்குப் பிரிவும் தெற்குப் பிரிவும் டாங்கிகளால் ஒன்றையொன்று தாக்கின. நம்பிக்கைக்கு அடையாளமாக வைத்த படையே நெருப்புக்கு விறகாயிற்று. மே மாதம் உள்நாட்டுப் போர் முழுவதுமாக மூண்டது. தெற்கு பிரிந்துவிட்டதாக அறிவித்தது. ஜூலை 7ஆம் தேதி ஏடன் நகரம் வடக்குப் படையிடம் வீழ்ந்தது. ஒற்றுமை நிலைத்தது என்று சொன்னார்கள். அது வென்றவனின் ஒற்றுமை. அதன் கசப்பு அந்நாட்டை அதன்பின் விட்டகலவில்லை.

ஜெர்மனி எண்ணை முதலில் வகுத்தது. மனிதரை அதற்குள் அடக்கியது. அதில் சிலருக்கு அநீதியும் நேர்ந்தது. ஏமன் எவருக்கும் மனம் நோகாதிருக்க எண்ணையே தள்ளிப்போட்டது. முடிவில் மனிதர் மாண்டனர்.

வகுத்த எண் என்றென்றும் சரியாக நிற்குமா? நிற்கவில்லை. 1994 இறுதிக்குள் ஜெர்மனி தன் வாக்கை நிறைவேற்றி 3,70,000க்குக் கீழே இறங்கியது. இறங்கியவர்கள் நிற்கவும் இல்லை. 2000ஆம் ஆண்டில் முன்னாள் ஜனாதிபதி வைட்ஸேக்கர் தலைமையில் அமைந்த குழு 2,40,000 போதும் என்றது. கட்டாய சேவைக் காலம் 12 மாதமாகி, 10 ஆகி, 9 ஆகி, 6 ஆகி, 2011 ஜூலையில் நிறுத்திவைக்கப்பட்டது. படையின் அளவு 1,85,000க்கு உட்பட்டதாயிற்று. பெரிய எதிரி எவனும் இல்லை என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது பெரும்படையெடுத்ததும் அவ்வெண்ணம் ஆட்டங்கண்டது. மூன்றே நாளில் ஜெர்மானிய அரசாங்கம் 10,000 கோடி யூரோவைப் படைக்கென ஒதுக்குவதாக அறிவித்தது. 2025இல், வரும் ஆண்டுகளில் படையை 2,60,000 பேராக உயர்த்தும் குறிக்கோளை வெளியிட்டது. 1990இன் உச்சவரம்பு இன்றும் உயிரோடிருக்கிறது. முன்பு ஐரோப்பா ஜெர்மானியப் படை பெரிதாகிவிடுமோ என்று கவலையுற்றது. இன்று போலந்து நாட்டாரே அது சிறிதாக இருக்கிறதே என்று கவலையுறுவதைக் காண்கிறோம்.

இவ்வளவும் பழங்கதையாகத் தோன்றலாம். ஆனால் இதே கேள்வி விடையின்றிக் காத்திருக்கும் நாடு ஒன்று ஆசியாவில் உண்டு. அது கொரியா. 1953 ஜூலையில் போர்நிறுத்தம் ஏற்பட்டதேயன்றி அங்கே சமாதான உடன்படிக்கை இன்றுவரை ஏற்படவில்லை. நம் நாட்டுக்கும் அதனோடு உறவு உண்டு. போரின்போது லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் நம் 60ஆம் பாராசூட் மருத்துவப் படை அங்கே காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தது. போர்நிறுத்தத்துக்குப் பின் கைதிகளைப் பற்றித் தீர்மானிக்கும் நடுநிலைக் குழுவுக்கு ஜெனரல் திம்மையா தலைமை வகித்தார்.

கொரியாவின் இரு பகுதிகளுக்கும் சேர்ந்து ஜனத்தொகை ஏறக்குறைய 7 கோடியே 70 லட்சம். 1990இன் ஜெர்மனிக்கு இது மிக அருகில் நிற்கிறது. ஜெர்மனியின் விகிதத்தை அப்படியே பொருத்தினால் ஒன்றுபட்ட கொரியாவுக்கு 3,60,000 வீரர் போதும். இன்று தெற்கே 4½ முதல் 5 லட்சம் பேரும், வடக்கே மதிப்பீடுகளின்படி 12 லட்சத்துக்கு மேற்பட்டோரும் ஆயுதம் தாங்கி நிற்கின்றனர். ஜெர்மனியில் மூன்று லட்சம் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கொரியாவில் பதின்மூன்று லட்சம் பேரை அனுப்ப வேண்டியிருக்கும். அதுவும் கணக்கின் ஒரு பகுதியே. ஒன்றுபட்ட ஜெர்மனியைச் சுற்றிலும் பெரும்பாலும் நட்பு நாடுகள் இருந்தன. ஒன்றுபட்ட கொரியாவுக்குச் சீனாவோடு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட நில எல்லையும், ரஷ்யாவோடு சிறு எல்லையும், கடலுக்கப்பால் ஜப்பானும் உண்டு. அங்கே முதல் அளவுகோலும் நான்காம் அளவுகோலும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும். எல்லையைக் கருதினால் படை பெருக வேண்டும். அண்டை நாட்டார் அச்சத்தைக் கருதினால் சுருங்க வேண்டும். தெற்கே குழந்தைப் பிறப்பு உலகிலேயே மிகக் குறைந்த அளவுக்குச் சரிந்திருப்பதால் இரண்டாம் அளவுகோலோ முன்பே தன் தீர்ப்பைக் கூறிவிட்டது.

அந்நாள் எப்போது வரும் என்பதை யாரும் அறியார். வரும்போது கணக்கு எழுத உட்காருபவர்கள் ஜெர்மனியின் ஏட்டையும் ஏமனின் ஏட்டையும் பக்கத்தில் விரித்துவைத்துக்கொள்ளுதல் நலம். எண்ணை முன்னதாகவே வகுக்கலாம்; ஒருவன் தலையில் மற்றவன் ஏற்றியதாக அன்றி இருதரப்பும் விரும்பி அறிவித்ததாக வகுக்கலாம்; நிலைமை மாறினால் எண்ணையும் மாற்ற இடம் வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியே அனுப்பப்படும் காவலாளிக்குக் கூலியோடு ஒரு கூரையும், அவன் நின்ற ஆண்டுகளுக்கு ஒரு நல்ல பெயரும் தந்து அனுப்பலாம். சுவர் இடிந்த வீட்டில் அவனும் ஒரு பங்காளியே அன்றோ?